ஆர்த்திகாவின் நிறை அட்டை

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாக வந்ததல்ல. பிரஷாந்தினி கேட்டாள். "அன்ரி, ஆர்த்திகாவைப் பற்றி ஒரு கதை எழுதித் தாங்கோ. பிள்ளை பிறந்தாப் பிறகு வாசிச்சுக் காட்ட வைச்சிருக்கப் போறன்" என்றாள். ஆறு மாத வயிற்றோடு மூன்று மாடி ஏறி வந்து கேட்கிற பிள்ளையிடம் நேரமில்லை என்று எப்படிச் சொல்வது? ஓம் என்றேன். அந்த ஓமைச் சொல்லி ஐந்து கிழமையாகிறது.

பிரஷாந்தினி மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. ஆர்த்திகா அவளோடு கூடப் பிறந்த இரட்டை. பதினான்கு மாதத்தில் வயிற்றோட்டம் வந்து இறந்துபோனாள். ஊரில், சண்டைக் காலத்தில்.

நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்க வைக்கிற வேலை செய்கிறேன். முதுகு எப்போதோ போய்விட்டது. எங்கள் பங்குக் கோயில் ஆண்டு மலரில் வருடத்துக்கு ஒரு கதை எழுதுவதால் எழுத்தாளர் என்றும் ஒரு பெயர். (அந்த மலரை வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளின் முதல் நன்மைப் படம் எந்தப் பக்கத்தில் என்று பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுவார்கள். போகட்டும்.)

இரண்டாவதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைக் கடைசி வரை ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கிற தெம்பு எனக்கு இல்லை. ஆர்த்திகா என்று ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை. அவளை நான்தான் எழுதினேன்.

2

முதல் தொடக்கம்: 1996ஆம் ஆண்டு. மன்னார்ப் பெருநிலத்தில் ஒரு பாலை மரக் கொப்பில் தராசு தொங்கியது. அதன் கொளுக்கியில் ஒரு துணித் தூளி. தூளிக்குள் ஒரு குழந்தை வானத்தைப் பார்த்தபடி—

இல்லை. எந்தக் குழந்தையும் வானத்தைப் பார்க்கவில்லை. தூளியில் போட்டவுடன் வீரிட்டுக் கத்தும், பிறகு என் கையில் மூத்திரம் பெய்யும். தராசின் முள் ஆடி நிற்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும்.

இரண்டாம் தொடக்கம்: போர்க்காலத்தில் உள்ளூராட்சி சபைகள் ஆற்றிய தாய் சேய் நலப் பணிகள் குறித்து நம்மவர்கள் அதிகம் எழுதியதில்லை. ஷெல் விழுந்ததை எழுதியிருக்கிறோம். ஷெல் விழுந்த மறுநாள் அதே மரத்தடியில் அம்மைப்பால் கட்டினார்கள் என்பதை—

இது கட்டுரை. தாலாட்டுக்குப் பதிலாக ஒரு கைக்குழந்தைக்கு இதை வாசித்துக் காட்டினால் அது பாவம். அதோடு அந்தக் காலத்தில் நாங்கள் போட்டது அம்மைப்பால் அல்ல, முக்கூட்டு ஊசி. கட்டுரை எழுதும்போது எனக்கு இப்படித்தான் வாய் நீளும்.

மூன்றாம் தொடக்கம்: ஆர்த்திகாவுக்கு நெற்றியில் ஒரு மச்சம் இருந்தது.

இந்த வரியை வெட்டுகிறேன். காரணம் ஆறாம் பகுதியில் இருக்கிறது. அதுவரை எனக்குக் கொஞ்சம் அவகாசம் தாருங்கள்.

3

எங்கள் பிரதேச சபைக்கு அப்போது தவிசாளர் இல்லை, உறுப்பினர்கள் இல்லை. இருந்தது செயலாளர் எமிலியானுஸ் ஐயா, அவருடைய சைக்கிள், ஒரு றப்பர் முத்திரை. சபைக் கட்டடத்தில் இடம்பெயர்ந்த சனம் குடியிருந்ததால் சபை மரத்தடிக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள், வெள்ளிக்கிழமை குழந்தைகள். மருத்துவிச்சி மன்னார்த் தீவுக்குப் போனவர் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். ஆறு மாதம் பயிற்சி எடுத்த தொண்டர் என்று நான் மட்டும் மிஞ்சினேன். வயது இருபத்திரண்டு. சனம் என்னை மிஸ்ஸி என்றது.

பேறு பார்த்தேன், பிளேட்டை அவித்துக் கொடி வெட்டினேன், ஊசி போட்டேன், நிறுத்தேன், எழுதினேன். எல்லாவற்றிலும் எழுத்துத்தான் கூட.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறை அட்டை. மாதத்துக்கு ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. அட்டையில் ஏற்கெனவே ஒரு சிவப்புக் கோடு அச்சடித்திருக்கும். பிள்ளையின் கோடு அதற்குக் கீழே போனால் நிவாரண நிறுவனம் கொடுக்கிற சத்துமா மாதம் ஒரு பைக்கற். ஓர் அட்டைக்கு ஒரு பைக்கற். அதை அந்தப் பிள்ளை மட்டுமே சாப்பிடும் என்று யாரோ எங்கேயோ மேசையில் இருந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் கொட்டில்களில் ஒரு பைக்கற்றைத் தாயும் மூத்த பிள்ளைகளும் வயதுபோனவர்களும் சேர்ந்து மூன்று நாளில் முடித்தார்கள். யாரைக் குறை சொல்வது?

மரியபுஸ்பத்துக்கு அப்போது முப்பது வயது. புஸ்பமக்கா என்பேன். புருசன் விறகுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள். நாலாவதாக என் கையில் பிறந்தவள்தான் பிரஷாந்தினி. பிறந்தபோது ஒரு கிலோ தொள்ளாயிரம். தாய்க்குப் பால் இல்லை. மூன்றாம் மாதம் மூன்று கிலோ கூட வரவில்லை. அப்படிப் போகிற புள்ளிகள் எந்த இடத்தில் போய் நிற்கும் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அதற்கு முன் வேறு வீடுகளில் செத்த மூன்று பிள்ளைகளின் அட்டையை நான் மூடியிருந்தேன்.

அட்டைக்கட்டுக்குள் வெற்று அட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்து, இரட்டை, இரண்டாவது என்று எழுதினேன். ஒரே தாய், ஒரே திகதி, ஒரே பேறு. இன்னொரு பிரசவத்தைப் புனைய வேண்டிய வேலை மிச்சம். பிறந்த நிறை ஒரு கிலோ எழுநூறு என்று போட்டேன், இரண்டாவது சற்றுச் சின்னதாக இருக்கும்தானே. போன மாதங்களுக்கும் புள்ளி வைத்தேன். அட்டை பெயர் கேட்டது. எனக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தால் வைக்க என்று மனதில் வைத்திருந்த பெயரை எழுதினேன். (எனக்குப் பிறகு பிறந்தது இரண்டும் பெடியள்.)

இரண்டு பைக்கற்றையும் நீட்டியபோது புஸ்பமக்கா கையை நீட்டவில்லை.

"மிஸ்ஸி, இது பாவமில்லையே?"

"பாவம்தான் அக்கா. கையை நீட்டுங்கோ."

*அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இப்படி நான் எழுதிய பிள்ளைகள் மொத்தம் நாலு பேர். அந்த நாலு பைக்கற்றும் யாருக்குப் போக வேண்டியவை என்று கேட்காதீர்கள். வரிசையின் கடைசியில் நின்று வெறுங்கையோடு திரும்பிய தாய்மாரை நான் பார்த்தேன். அவர்களுக்கு இந்தக் கதையில் இடமில்லை என்று சொன்னால் பொய். அவர்களை எழுத எனக்குத் துணிவில்லை.

4

கதை எழுதுவது கஷ்டம் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். மாதம் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தால் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் பிரஷாந்தினியைத் தூளியில் போட்டு நிறுப்பேன். பிறகு வெறும் தூளியைப் பார்த்து ஆர்த்திகாவுக்கு எழுதுவேன். பிரஷாந்தினி மெல்ல ஏறினாள். பன்னிரண்டாம் மாதம் சிவப்புக் கோட்டைத் தாண்டினாள். சந்தோசத்தில் நானும் புஸ்பமக்காவும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். தாண்டியதால் அவள் பெயரில் வந்த பைக்கற் நின்றுபோனது. இனி வருவது ஆர்த்திகாவின் பைக்கற் மட்டும்தான். அதனால் ஆர்த்திகாவை ஏறவிடாமல் கீழேயே வைத்திருந்தேன். அவளுடைய கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

அங்கேதான் பிழைத்தது. ஏறாத கோடு கண்ணில் படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை எமிலியானுஸ் ஐயா சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுச் சொன்னார். "பிள்ளை, வியாழக்கிழமை நிவாரணக்காரரின்ர ஜீப் வருது. நிறை ஏறாத குழந்தையள் எல்லாத்தையும் தாய்மாரோட ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகினமாம். நாளைக்குப் பட்டியல் வேணும்."

இல்லாத நாலு பேரை ஜீப்பில் எப்படி ஏற்றுவது? நல்ல வழி ஒன்று இருந்தது. குடும்பம் வேறு இடம் போய்விட்டது என்று மாற்றுத் துண்டு எழுதினால் சரி. சனம் தினமும் இடம்பெயர்கிற காலம், யாரும் தேடமாட்டார்கள். ஆனால் துண்டின் அடிக்கட்டை பதிவேட்டில் ஒட்டியிருக்க வேண்டும். துண்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று துண்டுகள்தான் மிச்சம். புதுப் புத்தகம் கேட்டு எட்டு மாதம். ராணுவம் தாளை உள்ளே வர விடவில்லை.

மூன்று பேரை அனுப்பினேன். நாலாவதாக இருந்தவள் ஆர்த்திகா. அட்டையில் குறிப்பு என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் "வயிற்றோட்டம். இறப்பு" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "இந்தப் பிள்ளையை நான் கண்ட ஞாபகம் இல்லையே."

"இனிக் காணேலாது ஐயா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முத்திரையை வாயால் ஊதி ஈரமாக்கிக் குத்தினார். மை காயட்டும் என்று அட்டையை வெயிலில் பிடித்தேன்.

5

பதினாலு வருடம் கழித்து மொன்றியலில், பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில், புஸ்பமக்காவைக் கண்டேன். பக்கத்து ஊரான புரோசார்ட்டில் மூத்த மகனோடு இருந்தா. கட்டிப்பிடித்தோம், அழுதோம், யார் யார் செத்தது என்று கதைத்தோம். ஆர்த்திகாவைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு நாள், புரோசார்ட் கடைத்தொகுதியில் வாங்கு ஒன்றில் உட்கார்ந்தபடி அவவாகத்தான் கேட்டா. "ஏன் மிஸ்ஸி பிள்ளையைச் சாக்காட்டினனீங்கள்? வேற இடம் போட்டுது எண்டு எழுதியிருக்கலாமே."

"துண்டு முடிஞ்சு போச்சக்கா."

அவ யோசித்தா. "அதுவும் சரிதான்" என்றா. பிறகு சொன்னா: பிரஷாந்தினி பதினாலு வயதில் பெட்டிக்குள் இரண்டு அட்டையையும் கண்டுபிடித்துக் கேட்டாளாம். "ஓம், உனக்கொரு தங்கச்சி இருந்தவ, செத்துப்போனா எண்டு சொல்லிப்போட்டன். களவா மா வாங்கி வளத்தனான் எண்டு பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுறது மிஸ்ஸி? வெக்கமாக் கிடக்கு."

உலகத்தில் எந்தத் தாயாவது களவை மறைக்க ஒரு பிள்ளையைச் சாகக் கொடுப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஆட்கள் கொடுப்பார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓமக்கா, சொல்லாதேங்கோ." பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

போன ஒக்ரோபரில் புஸ்பமக்கா இறந்தா. நவம்பரில் மரித்த விசுவாசிகள் பூசையில் பாதர், பிரஷாந்தினி எழுதிக் கொடுத்த பெயர்களையும் வாசித்தார். மரியபுஸ்பம். ஆர்த்திகா. நான் எழுதிய பெயரைப் பீடத்திலிருந்து வாசிக்கக் கேட்டு அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் புஸ்பமக்காவுக்காக அழுகிறேன் என்று முதுகைத் தடவினார்கள்.

6

பிரஷாந்தினி கதை கேட்க வந்த அன்று இரண்டு அட்டைகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள்.

"இது உங்கட கையெழுத்துத்தானே அன்ரி?"

"ஓம்."

"அப்ப நீங்கள் அவவைத் தூக்கியிருக்கிறியள்."

"ஓம்."

"எப்பிடி இருந்தவ?"

இந்த இடத்தில் ஒரு மனுசி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "உன்னைப் போலத்தான். நெத்தியில ஒரு மச்சம்." பழைய பழக்கம், வெற்றுக் கட்டத்தைக் கண்டால் கை நிரப்பிவிடுகிறது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. சீ என்று போய்விட்டது எனக்கு.

பிறகு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடுகளின் மேல் விரலை ஓட்டினாள். "இஞ்ச பாருங்கோ. எனக்கு ஏறுது. அவவுக்கு ஏறேல்ல. ஒரே வீடு, ஒரே மா. நான் அவவின்ர பங்கையும் திண்டிட்டன், என்ன அன்ரி?"

சிரித்தபடிதான் கேட்டாள். நான் சோறு போட்டுக் கொடுத்திருந்தேன். சாப்பிடத் தொடங்கும்போதே தட்டில் சோற்றின் நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தாள். இந்தப் பக்கத்தைச் சாப்பிட்டாள். அந்தப் பக்கத்தில் ஒரு பருக்கையையும் தொடவில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்றாள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

போன வெள்ளி டினோஜன் தொலைபேசி எடுத்தபோதுதான் விளங்கியது. டினோஜன் அவள் புருசன், டவுன்டவுனில் ஓர் உணவகக் குசினியில் சமைக்கிறவன்.

"அன்ரி, நீங்கள் சொன்னாக் கேப்பா. பதினாலு வயசில இருந்து இப்பிடித்தானாம். பாதித் தட்டுத்தான். நான் ஊருக்கெல்லாம் சமைக்கிறன், வீட்டில ஒருத்திக்கு ஒரு தட்டுச் சோறு தீத்தேலாமக் கிடக்கு. பிள்ளையின்ர வளர்ச்சி காணாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டா. அவவின்ர வேலையும் நிப்பாட்டியாச்சு. வாற வியாழக்கிழமை திருப்பி ஸ்கான். அப்பவும் நிறை ஏறாட்டில் முந்தியே வெளியில எடுக்கப் போகினமாம். முப்பத்திரண்டு கிழமைதான் அன்ரி ஆகுது."

(ஜீப்புக்கும் ஸ்கானுக்கும் ஒரே வியாழக்கிழமையை நான் போடவில்லை. புனைவாக இருந்திருந்தால் புதன் என்று மாற்றியிருப்பேன்.)

7

முடிவுகள். நாலு வைத்திருக்கிறேன்.

அ. மச்சத்தோடு ஓர் அழகான கதை எழுதிக் கொடுக்கிறேன். பிரஷாந்தினி அழுது சிரித்து அதை உறையில் போட்டு வைக்கிறாள். தட்டில் கோடு இழுக்கிறாள். இதை எழுத எனக்கு அரை மணி நேரம் போதும். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆ. ஆர்த்திகா சாகவில்லை. நான் அவளுக்கு நாலாவது துண்டை எழுதி வேறு இடத்துக்கு அனுப்பினேன், எங்கேயோ நன்றாக இருக்கிறாள். இதில் எனக்குக் கொள்ளை ஆசை. எழுதியும் பார்த்தேன், இரண்டு பக்கம். ஆனால் பிரஷாந்தினி சும்மா இருப்பாளா? நாளைக்கே தேடத் தொடங்கிவிடுவாள். முகநூலில் மச்சம் உள்ள பெண்களுக்கெல்லாம் செய்தி போகும்.

இ. டினோஜனிடம் சொல்லி, அவனைக் கொண்டு சொல்ல வைப்பது. நான் அந்த நேரம் வேலையில் நிற்பேன். இதற்குப் பெயர் கோழைத்தனம், வேறொன்றும் இல்லை.

ஈ. உள்ளதை உள்ளபடி கொடுப்பது. அவள் பதினைந்து வருடமாகக் கூட வைத்திருந்த தங்கச்சியை நான் பறிக்க வேண்டும். தாய் பொய் சொன்னவ, மா களவாக வாங்கினவ என்று, மண் இன்னும் காயாத கல்லறையைக் காட்டிச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கோபம் வந்து சோற்றை முழுதாகவே ஒதுக்கிவிட்டால் என்ன செய்வேன்? உண்மை சொன்னவுடன் பசி எடுக்கும் என்று எந்த வைத்தியப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

ஆனால் ஒன்று தெரியும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே போகிற பிள்ளையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் கையில் பேனை மட்டும்தான் இருந்தது. இன்றைக்கும் அதுதான் இருக்கிறது.

8

இது செவ்வாய்க்கிழமை, மத்தியானம். இந்தப் பகுதியை மருந்துக்கடைப் பையின் பின்புறத்தில், குசினியில் நின்றபடி எழுதுகிறேன். பிரஷாந்தினியின் கையில் இது இல்லை. அவளிடம் இருப்பது ஒன்றிலிருந்து ஏழு வரை, பெரிய எழுத்தில் அச்சடித்தது. ஊரில் பள்ளிக்கூடம் பாதி, இடம்பெயர்வு பாதி என்று இருந்து பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவள். தமிழை விரல் வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துத்தான் வாசிப்பாள்.

புழுங்கலரிசிச் சோறு, விளைமீன் குழம்பு, முருங்கையிலை வறை. தட்டை வைத்தேன். பக்கங்களைப் பக்கத்தில் வைத்தேன். "வாசிச்சு வாசிச்சுச் சாப்பிடு" என்றேன். அவள் சோற்றில் விரலால் கோடு இழுத்ததைப் பார்த்துவிட்டு இங்கே வந்துவிட்டேன்.

முணுமுணுப்பு முதல் பகுதியின் கடைசியில் நின்றது. கதிரை அரக்கிய சத்தம் கேட்டது. எழும்பிப் போகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்திருக்கிறாள், கோப்பை வைத்த சத்தம். பிறகு மறுபடி முணுமுணுப்பு. தராசு, தூளி, எமிலியானுஸ் ஐயா. "பாவம்தான் அக்கா, கையை நீட்டுங்கோ" என்ற இடத்தில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. நாலாம் பகுதிக்குப் பிறகு முணுமுணுப்பு இல்லை, தாள் புரளுகிற சத்தம் மட்டும்.

கடைசித் தாள் மேசையில் வைக்கப்பட்டது. நான் குழாயைத் திறந்து மூடினேன்.

"அன்ரி."

"என்ன பிள்ளை?"

"அப்ப அந்த மா முழுக்க எனக்குத்தானா?"

"ஓம் பிள்ளை. முழுக்க உனக்குத்தான். உனக்கெண்டுதான் எழுதினது" என்றேன். சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

பிரஷாந்தினி கையால் சாப்பிடுகிறவள், கரண்டிச் சத்தம் வராது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கை போகிறதா, தட்டைத் தள்ளி வைத்துவிட்டாளா என்று இங்கே நின்று சொல்ல ஏலாது. இரண்டு அடி எடுத்து வைத்தால் தெரிந்துவிடும். எனக்குக் கால் வரவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் என் கை எதையாவது எழுதிவிடும், அதனால் பேனையையும் வைத்துவிடப் போகிறேன்.

நீங்கள் குசினி வாசலுக்குக் கிட்டத்தானே நிற்கிறீர்கள். சத்தம் போடாமல் ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.